ஊசி போட்டதால் மந்திரம் முறிந்ததா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

ஆறு வருடத்துக்கு முன்பு, சம்பா நடவுக்கு நாற்றுக்கட்டு தூக்கும்போது அவருடைய அப்பாவைப் பாம்பு கடித்தது. ஊரில் மந்திரிக்கிற பெரியவர் வேப்பிலையை மெல்லக் கொடுத்து, பார்வை பார்த்து, கடிவாயில் விஷக்கல் வைத்தார். சாயங்காலமே அப்பா எழுந்து மாடு கட்டப் போய்விட்டார். போன புரட்டாசியில், குறுவை அறுத்த வயலில் வைக்கோல் அள்ளிய கொழுந்தனாரைக் கண்ணாடி விரியன் கடித்தது. கூட இருந்தவர்கள் அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவரையும் அதே பெரியவரிடம்தான் முதலில் கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் கழித்து, கால் தொடை வரை வீங்கி ஈறில் ரத்தம் கசிந்த பிறகே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. ஏழு முறை டயாலிசிஸ் செய்த பிறகு ஆள் பிழைத்தார்.

எட்டு மாதமாகியும் அவர் பழைய ஆளாகவில்லை. வயது 28. எப்போதும் அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல், வைகாசி வெயிலிலும் போர்வை, முகச்சவரம் செய்யவே தேவைப்படுவதில்லை. "ஊசி போட்டு மந்திரத்தை முறிச்சுட்டீங்க, விஷம் ஒடம்புலயே தங்கிடுச்சு" என்கிறார் மாமியார். உப்பில்லாப் பத்தியம் நடக்கிறது. செத்த பாம்பின் ஜோடி பழிவாங்கும் என்று கொல்லைப் புற்றுக்குப் பாலும் முட்டையும் போகிறது. கீழப்பெரும்பள்ளம் கேது கோயிலில் பரிகாரத்துக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். சர்ப்ப தோஷம் என்று ஒரு பெண் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா எப்படிப் பிழைத்தார், ஊசிதான் சிறுநீரகத்தைக் கெடுத்ததா, பெரியவர் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா, புற்றை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாமா என்று நான்கு கேள்விகள். கடைசி வரியில், "அன்று பெரியவரிடம் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான்" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் என்னை உலுக்கியது. அதை முதலில் பேசிவிடுவோம்.

இந்த வாரமே பார்க்க வேண்டியது

அசதி, எழுந்தால் தலைசுற்றல், வெயிலிலும் குளிர், தாடி வளர்ச்சி குறைவது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்த ஒருவருக்கு இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஒரு மருத்துவர் முதலில் நினைக்க வேண்டியது பிட்யூட்டரி சுரப்பியை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி அது. தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் மூன்றுக்கும் 'வேலை செய்' என்று உத்தரவு போவது அங்கிருந்துதான். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறைதலைக் குலைத்துவிடும். அப்போது இந்தச் சின்னச் சுரப்பிக்குள் நுண்குழாய்கள் அடைபட்டோ, ரத்தம் கசிந்தோ, சுரப்பியின் ஒரு பகுதி செத்துப்போகலாம். கடித்த சில நாட்களிலும் தெரியலாம், மாதங்கள், வருடங்கள் கழித்தும் தெரியலாம். மியான்மரிலும் தென்னிந்தியாவிலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். டயாலிசிஸ் வரை போனவர்களிடம் கூடுதல் கவனம் தேவை.

உங்கள் மாமியார் கவனித்ததில் பிழை இல்லை. கடிக்கும் இந்த அசதிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது சரியாகவே இருக்கலாம். ஆனால் விஷம் உடம்பில் தங்கியிருக்கவில்லை. விஷம் வந்துபோன இடத்தில் சேதம் தங்கியிருக்கலாம். விஷத்தை இனி இறக்க முடியாது. சேதத்துக்கு மாத்திரை உண்டு.

கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாது. ரத்தசோகை, முழுதாகத் தேறாத சிறுநீரகம் இரண்டுமே அசதி தரும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றோடு அவரைத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். பொது மருத்துவப் பிரிவில் "கண்ணாடி விரியன் கடிக்குப் பிறகு பிட்யூட்டரி பாதிப்பு இருக்குமோ என்று பார்க்க வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காலை கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்), சோடியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். கார்டிசாலைக் காலையில்தான் பார்க்க வேண்டும். மத்தியானம் அது இயல்பாகவே இறங்கிவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தைராய்டு குறைவு என்று வெளியில் எங்காவது பரிசோதனையில் வந்து, தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்துவிடுவார்கள். இந்த நோயில் கார்டிசால் குறைவும் சேர்ந்திருந்தால் அது ஆபத்து. தைராய்டு மாத்திரை உடம்பின் ஓட்டத்தைக் கூட்டும்போது, இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் கரைந்து ஆள் சுருண்டுவிடுவார். முதலில் கார்டிசாலுக்கான மாத்திரை, பிறகு தைராய்டு என்பதுதான் வரிசை. டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். உத்தரவு கொடுக்கும் சுரப்பியே பழுதாகியிருக்கும்போது டி.எஸ்.ஹெச். இயல்பாகவே தெரியலாம். ஃப்ரீ டி4 அதனால்தான் வேண்டும்.

உப்பில்லாப் பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். கார்டிசால் குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். பத்தியம் அதை இன்னும் இழுத்துவிடும். சிறுநீரகத்துக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு உப்பு போதும், அறவே இல்லாமல் கூடாது. அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ வந்து ஆள் துவண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசோதனையில் இது உறுதியானால், ஆண் ஹார்மோனையும் மருந்தாகக் கொடுக்கலாம். குழந்தைப்பேறு வேண்டும்போது அதற்கென்று வேறு ஊசிகள் இருக்கின்றன. பெண் வீட்டாரிடம் தோஷம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், நோயை மறைக்கவும் வேண்டாம். பரிசோதனை முடிந்து விவரம் கைக்கு வரட்டும்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது

விஷம்தான். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்திலுள்ள உறைபொருட்களைத் தாறுமாறாகச் செலவழித்துவிடும். ஒருபக்கம் நுண்குழாய்களில் குட்டிக் குட்டி உறைகட்டிகள், இன்னொரு பக்கம் உறைபொருள் தீர்ந்து ஈறிலும் கடிவாயிலும் நிற்காத ரத்தம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் இந்த நுண்குழாய்களால் ஆனவை. ரத்த அழுத்தமும் இறங்கினால் அவை பட்டினியில் வாடும். அந்தச் சேதம் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டாலும், சிறுநீர் குறைவது இரண்டு மூன்று நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். இடையில் ஊசி போட்டிருப்பதால் பழி ஊசி மேல் விழுகிறது.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற விஷத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே நடந்த சேதத்தை அதனால் திருப்ப முடியாது. அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு விலைமதிப்பானது என்பது இதில் இருக்கிறது. மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு: அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், சிலருக்கு ரத்த அழுத்தம் சரிவது. அதற்கு அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். பொதுவாக முதலில் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லையே.

உங்கள் மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். இந்த மருந்து தயாராவது பாம்பு விஷத்திலிருந்தேதான். சிறிது சிறிதாகக் குதிரைக்கு விஷம் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த விஷத்தைப் பல காலமாக எடுத்துத் தருபவர்கள், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய இருளர்கள். பாம்பைப் பற்றி நம் மண்ணில் தலைமுறையாக வந்த அறிவு அந்தக் குப்பிக்குள்ளும் இருக்கிறது.

அப்பா பிழைத்தது எப்படி

நாற்றங்காலிலும் நடவு வயலிலும் கடிப்பது பெரும்பாலும் தண்ணிப்பாம்பு. ஆக்ரோஷமாகக் கடிக்கும், ரத்தம் வரும், விஷம் கிடையாது. சாரைக்கும் விஷமில்லை. விஷப்பாம்பே கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. பயமுறுத்த மட்டும் கடித்துவிட்டுப் போகும் 'வெற்றுக்கடி' உண்டு. ஊரில் மந்திரிக்க வருகிற கடிகளில் இந்த இரண்டு வகையும் தாராளமாக இருக்கும். அவர்களுக்குத் திருநீறு பூசினாலும் பூசாவிட்டாலும் சாயங்காலம் மாடு கட்டப் போய்விடுவார்கள். பிழைத்தவர் பத்து வருடம் ஊருக்குள் நடமாடிச் சாட்சி சொல்வார். இறந்தவரைப் பற்றி "நேரமாயிடுச்சு, விதி" என்று சொல்லி முடித்துவிடுவோம். மந்திரத்தின் கணக்கில் வரவு மட்டும் ஏறி, செலவு ஏறாமலே போவது இப்படித்தான்.

பெரியவர் செய்ததில் ஒரு பயன் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். பாம்பு கடித்தது என்றாலே வியர்த்து, படபடத்து, மயங்கி விழுபவர்கள் இருக்கிறார்கள். விஷமே இல்லாத கடியிலும் இது நடக்கும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கைவைத்து முணுமுணுத்தால் அந்தப் பயம் அடங்கும். பயத்தால் வந்த மயக்கம் தெளியும். விஷத்தால் வந்தது தெளியாது.

விஷக்கல்லைப் பார்ப்போம். அது கரியாகச் சுட்ட எலும்பு, உடம்பெல்லாம் நுண்துளை. ஈரத்தில் வைத்தால் துளைகள் ஈரத்தை இழுக்கும், கல் ஒட்டிக்கொள்ளும். துளை நிறைந்ததும் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் "விஷத்தை உறிஞ்சிட்டு விழுந்துடுச்சு" என்பார்கள். பாலில் போட்டால் குமிழி வருவது துளைக்குள் இருந்த காற்று வெளியேறுவதால். உங்கள் பிள்ளையின் சாக்பீஸை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், அதே மாதிரி ஒட்டும். தண்ணீரில் போடுங்கள், அதே மாதிரி குமிழி விடும். கடித்த பல் விட்ட விஷம் தோலுக்கு அடியில் போய்ப் பரவியிருக்கும். மேலே ஒட்டிய கல்லுக்கு அங்கே வழியில்லை.

வேப்பிலை கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது, மிளகு காரமாக இருந்தால் விஷமில்லை என்ற சோதனையும் அப்படித்தான். கண்ணாடி விரியன் விஷம் நாக்கின் சுவையைத் தொடுவதில்லை. கடிபட்டவருக்கு வேப்பிலை நன்றாகவே கசக்கும், உள்ளே ரத்தம் உறையாமல் போய்க்கொண்டிருக்கும். உங்கள் கொழுந்தனாருக்கும் வேப்பிலை கசந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு ஈடான சோதனை மருத்துவமனையில் இருக்கிறது, அதுவும் எளிமையானதுதான். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். தயிர் மாதிரி கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. உறைகிற ரத்தத்தையும் உறையாததாகக் காட்டிவிடும். முதல் முறை உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்த்து, 24 மணி நேரம் வைத்திருப்பார்கள்.

இங்கே உங்களுடைய ஓர் எண்ணத்தையும் திருத்த வேண்டும். அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் உடனே ஊசி போட்டிருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விஷத்தின் அறிகுறி இல்லாதவருக்கு அந்த மருந்தைப் போடக் கூடாது. ஒரு நாள் கவனித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். "ஒண்ணுமே செய்யல, சும்மா படுக்கப் போட்டு அனுப்பிட்டாங்க" என்று குறைபட வேண்டாம். அந்தக் கவனிப்புதான் சிகிச்சை.

இரவில் வரும் 'பூச்சி'

விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். வீட்டுக்குள் எப்படிச் சொன்னாலும் சரி. 108-இலும் மருத்துவமனையிலும் "பூச்சி கடிச்சிடுச்சு" என்று சொன்னால், பணியில் இருக்கும் இளம் டாக்டர் தேளோ பூரானோ என்று எடுத்துக்கொண்டு வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம். அங்கே பாம்பு என்றே சொல்லுங்கள்.

கட்டுவிரியனை இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களை, களத்தில் நெல்லுக்குக் காவல் கிடப்பவர்களை நடுராத்திரியில் கடிக்கும். பெரும்பாலும் வலி இராது, வீக்கம் இராது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு திணறும். இதைத்தான் பேய் அறைந்தது, காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்கிறார்கள். பேய் கழுத்தை நெரித்தது என்பது மூச்சுத்தசை செயலிழப்பது. இந்த நிலையில் ஆள் கண் திறக்கமாட்டார், கண்பாப்பா விரிந்திருக்கும், கிள்ளினால் அசையமாட்டார். ஆனால் நீங்கள் அழுவது அவர் காதில் விழும். செயற்கை சுவாசம் கொடுத்தால் சில நாளில் எழுந்துவிடுவார். ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியும்போது இமை தொங்க எழுந்தால், கடித்ததை யாரும் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் என்றே நினைத்து ஓடுங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் இந்தக் கடியைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இனி யாரையாவது கடித்தால்

கடித்த மணியைக் குறித்துக்கொண்டு 108. மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான அரைஞாண் எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிந்ததுபோல் ஒரு கம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். விரியன் கடியில் கீறினால் அந்தக் கீறலே நிற்காமல் ரத்தம் கக்கும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். டாக்டர் முன்னிலையில் அவிழ்க்கட்டும். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

அடித்த பாம்பை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் விட்டது தப்பு என்று நினைக்கிறீர்கள். தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். தேடப் போனால் இரண்டாவது ஆளும் கடிபடுவார்.

புற்றும் ஜோடியும்

பாம்புகள் கணவன் மனைவியாக வாழ்வதில்லை. இணை சேரும் பருவம் முடிந்தால் அதனதன் வழி. அடித்தவன் முகத்தை நினைவு வைத்துப் பழிவாங்கும் அளவுக்கு அதன் மூளையில் இடமில்லை. ஆனாலும் ஒரு பாம்பை அடித்த இடத்தில் இன்னொன்று வருகிறது என்று ஊர் சொல்வது பல சமயம் நிஜம். கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் 20, 30 குட்டி போடும். தவிர, முதல் பாம்பை இழுத்துவந்த எலி அங்கேயேதான் இருக்கிறது. வைக்கோல் போர், நெல் மூட்டை, கோழித் தீவனம் இருக்கிற கொல்லையில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும்.

பாம்பு பாலூட்டி இல்லை. பால் அதற்கு உணவாகாது. தாகத்தில் எந்த ஈரத்தையும் குடிக்கும், அவ்வளவுதான். புற்றடியில் வைக்கிற முட்டை எலியைக் கூப்பிடும். ஆனால் புற்றைக் கொளுத்தாதீர்கள். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கிறது. உள்ளே இருக்கிற பாம்பு தப்பி நேரே வீட்டுக்குள் வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும்கூட. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள், பிடித்துப் போவார்கள். மாமியார் கும்பிடட்டும். பகல் வெளிச்சத்தில், செருப்போடு போய், மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வரட்டும். சுற்றிலும் செடிகொடியை வெட்டி வெளியாக்குங்கள். வைக்கோல் போரை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், நெல் மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள், வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி வையுங்கள். ஆந்தை உட்கார வயலில் தாங்குகுச்சி நடுங்கள். ஆந்தை அலறினால் சாவு என்று விரட்டுகிற வீட்டில்தான் எலி பெருகுகிறது. இருட்டில் வரப்பில் போகும்போது டார்ச்சோடு ஒரு கம்பும் வேண்டும். தரையைத் தட்டிக்கொண்டே போனால் அதிர்வு தெரிந்து பாம்பு விலகும்.

கீழப்பெரும்பள்ளத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த நாள் என்றால்.

பெரியவர் மேல் புகார்

சட்டம் பற்றி வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் என் எண்ணத்தைச் சொல்கிறேன்: வேண்டாம். அவர் காசு கேட்டதாக நீங்கள் எழுதவில்லை, மருத்துவமனைக்குப் போகாதே என்று தடுத்ததாகவும் எழுதவில்லை. நாளைக்கு யாரையாவது பாம்பு கடித்தால் ஊர் முதலில் ஓடப்போவது அவர் வீட்டுக்குத்தான். அந்த வாசலில் ஒரு நல்ல ஆள் இருப்பது ஊருக்குப் பெரிய பலம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது, பெரும்பாலும் கிராமங்களில். தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அன்று பெரியவரிடம் போகலாம் என்றது நீங்கள்தான் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அப்பாவைக் கண்முன் பிழைக்க வைத்தவர் என்று நம்பிய ஒரு மகள் வேறு எங்கே போகச் சொல்லியிருப்பாள்?

அப்பாவையே கூட்டிக்கொண்டு பெரியவரைப் போய்ப் பாருங்கள். அவர் கைப்பிடித்துப் பிழைத்தவர் சொன்னால் காதில் ஏறும். "இனிமே யார் வந்தாலும் நீங்க மொதல்ல மணி கேளுங்க தாத்தா, 108-க்கு போன் போடச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் பார்வை பாருங்க, வந்ததும் நீங்களும் கூட ஏறி வாங்க" என்று கேளுங்கள். கயிறு கட்டாமல், கீறாமல், எதையும் குடிக்கக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லிக்கொண்டே வரட்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கார்டிசால் அளவையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.